ருக்மணி சந்துக்குப் பேர் வந்த விதம்

உலகத்தில் இல்லவே இல்லாத ஒரு பெண்மணியின் மேல் எனக்குப் பொறாமை வந்தது, போன மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்.

பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி, டவுனில் இருக்கும் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். மணிக்கூண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், பித்தளைப் பாத்திரக் கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவே ஒரு முட்டுச் சந்து உள்ளே போகும். அதன் கடைசி வீடுதான் நான் பிறந்து வளர்ந்த வீடு. சந்து முனையில் மாநகராட்சி வைத்த நீலப் பலகையில் 'ருக்மணி சந்து' என்று எழுதியிருக்கும். அந்தப் பலகைக்குக் கீழே, தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக இருபது பேர் கூட்டமாக நின்றிருந்தார்கள். பழைய ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். சட்டைக் காலரில் மைக் மாட்டியிருந்த ஓர் இளைஞர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சந்துக்கு ஓர் அருமையான வரலாறு இருக்குதுங்க. ருக்மணி அம்மாள்னு ஒரு வியாபாரி வீட்டம்மா. பஞ்ச காலத்துல வண்டிக்காரங்களுக்கெல்லாம் இதே எடத்துல நின்னு மோர் ஊத்துனவங்க. அவங்க நினைவாத்தான் இந்தப் பேருங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது. ஒரு வயதான அம்மா பலகையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடவே செய்தார். மோராம்! அந்த ருக்மணி யாருக்கும் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர்கூட ஊற்றியவள் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ருக்மணி நான்தான்.

நான் ஐந்தாவது படித்தபோது அந்தச் சந்துக்குப் பெயரே கிடையாது. அரசாங்கம் வைத்த பெயர் கிடையாது என்று சொல்ல வேண்டும். ஊர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள், லாரியில் மூட்டை இறக்குகிறவர்கள், பஸ்ஸைத் தவற விட்டவர்கள் என்று ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அவசரத்துக்கு ஒதுங்குகிற இடம் எங்கள் சந்து முனைச் சுவர்தான். அதனால் எல்லோருக்கும் அது மூத்திரச் சந்து. ஆட்டோக்காரரிடம் வேறு என்ன அடையாளம் சொன்னாலும், எல்லாம் கேட்டுவிட்டு, "ஓ, மூத்திரச் சந்துங்களா" என்று அவரே முடித்து வைப்பார். அப்பாவுக்கு மானம் போகும்.

வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவும் சித்தப்பாவும் பம்பு செட்டு உதிரிபாகக் கடை வைத்திருந்தார்கள். மேலே நாங்கள் குடியிருந்தோம். அப்பா கடையைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள். எனக்கு ஊரைக் காட்டியது சித்தப்பாதான். அவருடைய டிவிஎஸ் ஐம்பதில், முன்னால் கால் வைக்கிற இடத்தில் நான் நின்றுகொள்வேன். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, வண்டியை நான்தான் ஓட்டுவதாக நினைத்துக்கொள்வேன். பேக்கரியில் தேங்காய் பன் ஒன்று வாங்கி ஆளுக்குப் பாதி தின்போம். பெரிய பாதி எனக்கு. இந்த ஏற்பாடு சூரிய சந்திரர் உள்ளவரை நடக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தபோது, சித்தப்பாவுக்கு அன்னூரில் பெண் பார்த்தார்கள்.

அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண். அவர்கள் எங்கள் வீடு பார்க்க வந்த அன்று அப்பாவும் சித்தப்பாவும் விடியற்காலையிலேயே சந்து முனைச் சுவரை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவி, ஒருவனும் ஒதுங்காதபடி கடை ஆளைக் காவலுக்கு நிறுத்தினார்கள். நானும் ஒரு குச்சியோடு காவலுக்கு நின்றேன். எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்து விடுகிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மடச்சி.

நிச்சயம் முடிந்த மறுவாரமே சித்தப்பா மாறிப்போனார். கடைக்குப் போன் வந்தால், நான் எடுப்பதற்குள் அவர் பாய்ந்து எடுப்பார். "ம்... ம்... ஆமாங்... ம்" என்பார். அதற்கு என்ன அர்த்தமோ, கல்லாவில் உட்கார்ந்து அரை மணி நேரம் அதையே பேசுவார். பேக்கரியில் எனக்குப் பாதி பன் வாங்கிக் கொடுத்தவர், அன்னூருக்குப் போகும்போது ரிப்பன் கட்டிய பெட்டியில் முழுக் கேக்கு வாங்கிக்கொண்டு போனார். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் வண்டியில் ஏறப் போனபோது, "முன்னாடி வேண்டாங்கண்ணு, நீ வளந்துட்டே, ரோடு தெரிய மாட்டேங்குது, பின்னாடி உக்காந்துக்கோ" என்றார். பின்னால் உட்கார்ந்து போகும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பின்னால் உட்காரப் போவதும் அவள்தான். அப்படியென்றால் எனக்கு எந்த இடம்?

அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. அதனாலென்ன, பொறாமைப்பட முகம் எதற்கு?

கல்யாணப் பத்திரிகை எழுத உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் பத்திரிகை எழுதுவது பெண் பார்ப்பதைவிடப் பெரிய காரியம். மாமன் முறை யார் யார், பங்காளி யார் யார், யார் பெயருக்கு மேல் யார் பெயர் வர வேண்டும், எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் தலைமுறைக்கும் பேச்சு வார்த்தை இருக்காது. அத்தை கல்யாணத்தில் பெயர் விட்டுப்போன ஒரு மாமா, அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை. அந்தப் பயத்தில் அப்பா ரசீதுத் தாள்களின் பின்பக்கத்தில் பெயர் பெயராக எழுதிக்கொண்டே போனார். பத்திரிகை வாக்காளர் பட்டியல் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

கடைசியில் குழந்தைகளின் வரி வந்தது. "எங்க மாமா கல்யாணத்துக்கு மறக்காம வந்துருங்க" என்று போட்டு, கீழே அத்தை மகன் பெயர். அவனுக்கு ஒன்றரை வயது. 'மா' என்றால் அம்மாவா, மாமாவா, மாடா என்று அவனுக்கே தெரியாது. அவன் ஊரைக் கூப்பிடுகிறானாம்! ஆனால் அத்தைதான் மாப்பிள்ளையின் தங்கை. மேடையில் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று இணைச்சீர்ச் சடங்கு செய்யப் போகிறவள். அவள் பிள்ளை பெயர் இல்லாமல் பத்திரிகை வெளியே போகாது.

"அப்பா, என்ற பேரு?" என்று கேட்டேன். "எங்க சித்தப்பா கல்யாணத்துக்கு வாங்கன்னு போடுங்கப்பா."

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடமில்லை கண்ணு. நம்ம ஊட்டுப் புள்ளதானே. உன்ற பேரு இல்லீன்னா ஆரு சண்டைக்கு வரப் போறாங்க?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ பத்திரிகை அட்டைக்கு மஞ்சளா, ரோஸா என்று சாம்பிளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ரோஸ் என்று முடிவு செய்தார். அவளுக்கு ரோஸ் பிடிக்குமாம். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. நான் சாப்பிடவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய கொடுமை.

நாலு நாள் கழித்து அச்சாபீஸிலிருந்து முதல் ப்ரூஃப் வந்தது. தங்க எழுத்தில் சித்தப்பா பெயர். அதற்குச் சரிக்குச் சரியாக, அதே உயரத்தில் அவள் பெயர். சித்தப்பா பக்கத்தில், நான் நின்ற இடத்தில். அப்பா தப்புகளைத் திருத்திவிட்டு, மணமகன் இல்லம் என்று போட்ட இடத்துக்கு வந்ததும் தயங்கினார். கதவு எண்ணுக்குப் பிறகு சந்துப் பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். ஊர் சொல்கிற பெயரை மங்களப் பத்திரிகையில் போட முடியுமா?

அப்போது கடைக்குச் சரக்கு லாரி வந்துவிட்டது. அப்பா தாளை மடித்து, பள்ளிக்கூடப் பையோடு நின்ற என் கையில் கொடுத்தார். "அச்சாபீஸ்ல குடுத்துரு கண்ணு. பாத்திரக்கடைச் சந்துன்னு போட்டுக்கச் சொல்லிரு."

அச்சாபீஸ் அடுத்த தெருவில்தான். போகிற வழியில் பாத்திரக் கடைப் படியில் உட்கார்ந்தேன். தாளை விரித்து மறுபடியும் பார்த்தேன். மாமன், மச்சான், பங்காளி, செத்துப்போன தாத்தா, ஒன்றரை வயது வாயில்லாப் பூச்சி, எல்லோரும் இருந்தார்கள். வராத மாமாகூட இருந்தார். ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. பள்ளிக்கூடப் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து, அப்பா எழுதுகிற மாதிரியே கொஞ்சம் சாய்த்து, 'ருக்மணி சந்து' என்று எழுதினேன். பயமே வரவில்லை. சொல்லப்போனால் பசி எடுத்தது.

அச்சாபீஸ்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "ருக்மணி சந்தா? அது எங்கிருக்குது பாப்பா?"

"எங்க சந்துதானுங்க."

"அந்தச் சந்தா?"

"அதேதானுங்க."

"அட, நல்ல பேராத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே கொடுத்துவிட்டார். என்னை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிடுவார்கள் என்பதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

திருத்திய ப்ரூஃப்பைப் பெண் வீட்டாரிடமும் காட்ட வேண்டும். அதை அன்னூருக்குச் சித்தப்பாவே கொண்டு போனார். போஸ்ட்மேன் மாதிரி ஓடுகிறாரே என்று எரிந்துகொண்டே, கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே, சாயங்காலம்வரை வாசலில் காத்திருந்தேன். சிரித்த முகமாக வந்தார். "எல்லாஞ் சரியா இருக்குதுங்ணா, அச்சடிக்கச் சொல்லிறலாம்" என்றார். என் கையெழுத்தையே அத்தனை நாள் பார்த்த மனுஷனுக்கு, என் பெயரே அச்சில் இருந்தும் தெரியவில்லையே! காதலில் கண் அவிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்திரிகைக் கட்டுகள் வந்தன. பெரிதாக யாரும் படிக்கவில்லை. வழக்கப்படி நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் வைத்துப் பூசை செய்து எடுத்து வந்தார்கள். வந்து உட்கார்ந்து, உறையில் பெயர் எழுத ஆரம்பித்தபோதுதான் அப்பா விலாசத்தைப் படித்தார்.

"இதென்ன கூத்து?" என்று கத்தினார். "எவன் வெச்சான் இந்தப் பேர?"

அச்சாபீஸுக்கு ஆள் போனது. நான் எழுதிக் கொடுத்த தாள் வந்தது. அப்பா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது. இரண்டாவது விழுவதற்குள் சித்தப்பா நடுவில் வந்துவிட்டார்.

"நாந்தானுங்ணா கவனிக்காம உட்டுப்போட்டேன். என்ற தப்புங்க. புள்ளைய உடுங்க."

"எல்லாத்தையுங் கிழிச்சுப்போட்டு வேற அடிச்சே ஆகோணும்" என்று அப்பா நின்றார்.

அம்மா குறுக்கே வந்தாள். "மஞ்சத் தடவிச் சாமி முன்னாடி வெச்ச பத்திரிகையக் கிழிக்கறதுங்களா? கல்யாணத்துக்கு முன்னாடியே அபசகுனமா? அந்தப் பழைய பேருக்கு இது எவ்வளவோ தேவலைங்க."

அப்பா உறைகளைத் தன் பக்கம் இழுத்து, மறுபடியும் பெயர் எழுத ஆரம்பித்தார். சாமியை எதிர்த்து யார் பேசுவார்கள்? ரோஸ் நிற உறைகளில் ஊர் ஊராக என் பெயர் புறப்பட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கல்யாணத்துக்கு முந்தின வாரமே பொள்ளாச்சியிலிருந்தும் அன்னூரிலிருந்தும் வந்த உறவுக்காரர்கள், "ஏனுங்க, ருக்மணி சந்து எங்கீங்க?" என்று டவுன் முழுக்க விசாரித்தார்கள். முதலில் முழித்த ஆட்டோக்காரர்கள் இரண்டு நாளில் கற்றுக்கொண்டார்கள். வழி சொல்லிச் சொல்லிச் சலித்த பாத்திரக் கடைக்காரர், முனைச் சுவரில் பெயின்டால் 'ருக்மணி சந்து' என்று பெரிதாக எழுதி, அம்புக்குறியும் போட்டுவிட்டார். கல்யாணம் முடிந்தும் அம்புக்குறி போகவில்லை. தபால் அந்தப் பெயருக்கே வர ஆரம்பித்தது.

எனக்குத் தலை கால் புரியவில்லை. மேடையில் அவளை நிறுத்தி ஊரே பார்த்தபோதுகூட, 'பார்த்துக்கோ, நீ குடியிருக்கப் போவது என் சந்தில்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பெயரை எழுதிய சுவர் எது? ஆண்பிள்ளைகள் ஒதுங்குகிற அதே சுவர். பெயர் மாறியதே தவிர, பழக்கம் மாறவில்லை. இப்போது என் பெயரின் மேலேயே போனார்கள். பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதி ஒருத்தி, "நேத்து எங்க மாமா உன்ற பேரு மேல போனாராமா" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். வீட்டுக்கு வந்து அட்டாலிப் பரணுக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். பொறாமைப்பட்டதற்குச் சாமி இப்படியா பழி வாங்கும்?

புது மருமகளாக வந்த சித்தி என்னைப் பார்த்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு, தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட மங்காதவள், வாளித் தண்ணீரும் பினாயிலும் விளக்குமாறுமாகச் சந்து முனைக்குப் போய் நின்றாள். சுவரைத் தேய்த்துக் கழுவினாள். ஒதுங்க வந்தவரைப் பார்த்து, "ஏனுங்க, படிச்சவராட்டத் தெரியறீங்க. செவுத்துல பேரு எழுதியிருக்கறது தெரியலீங்களா? அக்கட்டப் போங்க" என்றாள். மரியாதை குறையாமல்தான் சொன்னாள். வந்தவர் வந்ததை மறந்து திரும்பிப் போனார். மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும்.

"வந்த மகராசி சந்தையே மாத்திப்போட்டா" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். என்னைக் கன்னத்தில் அறைந்த அதே அப்பா. பாத்திரக் கடைக்காரர் அவளுக்கு ஒரு பித்தளைச் சொம்பு கொடுத்தார். பெயர் என்னுடையது, நல்ல பெயர் அவளுக்கா? நல்ல மருமகள் என்று பேரெடுக்க வேஷம் போடுகிறாள் என்று முடிவு கட்டினேன். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவள் வாளியைத் தூக்கிப்போய், கடையில் மோட்டார் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

காலையில் என்னிடம் வந்தாள். "பாப்பா, வாளிய எங்கியாச்சும் பாத்தியா அம்மணி?"

"இல்லீங்க" என்றேன். சித்தி என்று நான் அவளைக் கூப்பிட ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

"செரி, போகட்டும்" என்றாள். பிறகு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குக் கழுவியதோடு நிற்காமல், என் பெயருக்கு நேர் கீழே பெரிய கோலம் ஒன்று போட்டாள். நடுவில் செம்மண். கோலத்தை மிதித்துக்கொண்டு நிற்க யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு மாதத்தில் சுவர் காய்ந்தது. சில வருஷம் கழித்து வீட்டு வரிக்கு அளக்க வந்தவர்கள், சுவரில் இருந்ததைப் பார்த்து அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் ருக்மணி சந்தின் வரலாறு. பஞ்சமும் கிடையாது, மோரும் கிடையாது.

அந்த மார்கழி ஞாயிறன்று இதையெல்லாம் அந்த மைக்குக்காரரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டம் சந்துக்குள் நுழைந்துவிட்டது. நான் அவர்களைத் தள்ளிக்கொண்டு கடைசி வீட்டுக்கு ஓடினேன். சித்தப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். சித்தி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மோர் ஊத்துனியாமா பாப்பா? எனக்கு ஒரு நாளும் ஊத்துனதில்லையே" என்றாள்.

"சித்தப்பா மட்டும் அன்னைக்கு ஒழுங்கா ப்ரூஃப் பாத்திருந்தா, இந்தப் பையன் இப்படிக் கதை உட்டிருப்பானா?" என்றேன்.

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரு பாக்கலைன்னு ஆரு சொன்னா? அன்னூர்ல அந்தத் தாள மொதல்ல படிச்சதே நாந்தான். ருக்மணிங்கறது ஆருங்கன்னு கேட்டேன். பாத்துட்டுச் சிரிச்சாரு. எங்க பாப்பா வேலைங்க, கோடு போட்டு அடிச்சிறலாம்னு பேனாவ எடுத்தாரு. நாந்தான் வேண்டாமுங்கன்னேன்."

"ஏன் சித்தி?" என்றேன்.

"எடம் போயிருமோன்னு பயந்துதானே அதுல எழுதியிருக்கறே. நான் வாரதுக்கு முன்னாடியே உன்ற பேர அடிச்சுப்போட்டு வந்தா, அந்த ஊட்டுக்குள்ள நான் எந்த மொகத்தோட வாழறது? சொல்லு." பிறகு, போகிற போக்கில், "வாளி மோட்டார்ப் பொட்டிக்குப் பின்னாடி இருந்துச்சு. அன்னைக்கே பாத்துட்டேன்" என்றாள்.

முட்டுச் சந்து என்பதால் கூட்டம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, திரும்ப வேண்டியிருந்தது. மைக்குக்காரர் சித்தியைப் பார்த்து வணக்கம் சொன்னார். "நீங்க இங்கியே இருக்கறவங்களா? ருக்மணி அம்மாளுக்குச் சொந்தமுங்களா?"

"ஆமாங்க" என்றாள் சித்தி. "அது என்ற மூத்த புள்ள பேருங்க."

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துப் பலமாகச் சிரித்தார். பலகைக்குக் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று சித்தியை முனைக்கு அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன். சித்தி பலகைக்குக் கீழே நின்றாள். அவள் காலடியில் அன்று காலை போட்ட கோலம் இருந்தது. அவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம், "அக்கா, கொஞ்சம் அக்கட்ட நகந்துக்கறீங்களா? போர்டு மறைக்குது" என்றார்.

என் பெயருக்குக் கீழே நிற்க எனக்கு இடமில்லையாம். பழைய எரிச்சல் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. இருந்தும் நகர்ந்துகொண்டேன். பத்து வயதில் எனக்குத் தெரியாமல் இருந்த காரியம் அது.

சித்தி அசையவில்லை. மைக்குக்காரரை ஒரு கையால் நிறுத்தி வைத்து, கோலம் கலையாமல் ஓரடி தள்ளி நின்று, இன்னொரு கையை என் பக்கம் நீட்டினாள்.

"எடம் இருக்குது பாப்பா, வா" என்றாள்.

வாளியும் விளக்குமாறுமாக அத்தனை காலையிலும் இதே இடத்தில் நின்று, அவள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான். எனக்குத்தான் கேட்கவில்லை.